சாளரத்தின் பெயர் கொண்ட ஊரில் அந்நியர்கள்

புது தில்லி:

தெற்கு தில்லியின் சாகேத் பகுதியில் கண்ணாடி முகப்புகளுடன் வரிசையாக நிற்கின்றன பெரிய வணிக வளாகங்கள். அவற்றின் எதிரே உள்ள சாலையைக் கடந்தால் வேறோர் ஊர் தொடங்குகிறது. எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள், தலைக்கு மேல் பின்னிக் கிடக்கும் மின்கம்பிகள், ஒன்றையொன்று ஒட்டியபடி எழுந்துள்ள நான்கைந்து மாடி வீடுகள். கிர்க்கி எக்ஸ்டென்ஷன் என்பது அதன் பெயர்.

கிர்க்கி என்ற இந்திச் சொல்லுக்குச் சாளரம் என்று பொருள். 14-ஆம் நூற்றாண்டில், ஃபிரோஸ் ஷா துக்ளக்கின் ஆட்சிக் காலத்தில் இங்கு எழுப்பப்பட்ட மசூதியின் கல் சாளரங்களே ஊருக்குப் பெயரைத் தந்தன. கடந்த 20 ஆண்டுகளில் இந்தச் சந்துகளில் பிகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்களுடன் நேபாளிகளும், ஆப்கானியரும், சோமாலியரும், நைஜீரியா, காங்கோ, கேமரூன், ஐவரி கோஸ்ட் நாட்டவரும் வாழ்ந்து வந்திருக்கின்றனர். மாணவர்கள், துணி வணிகர்கள், சிகிச்சைக்கு வந்தவர்கள், அகதிகள் என அவர்களில் பல வகையினர் உண்டு.

வெளிநாட்டவரின் கடவுச்சீட்டில் முத்திரை குத்தப்படுவது இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையத்தில். ஆனால், அவர் உண்மையில் இந்தியாவுக்குள் நுழைகிறாரா இல்லையா என்பது தீர்மானமாவது, இத்தகைய ஒரு சந்தில் வீட்டு உரிமையாளரின் வாசலில்தான்.

வாசலில் தொடங்கும் வியப்பு

வீடு தேடி வரும் அயல்நாட்டவருக்கு முதல் வியப்பு, கேள்விகளின் வரிசை. வாடகை எவ்வளவு தர முடியும் என்பதற்கு முன்பே, திருமணம் ஆகிவிட்டதா, தந்தை என்ன செய்கிறார், சம்பளம் எவ்வளவு என்ற விசாரணை தொடங்கிவிடும். ஐரோப்பாவில் நெடுநாள் நண்பர்கூடக் கேட்கத் தயங்கும் கேள்விகள் இவை. இங்கோ ஒருவரை அறிந்துகொள்ளும் முறையே இதுதான். கேட்பவருக்கு அதில் அத்துமீறல் எதுவும் தோன்றுவதில்லை.

அடுத்த கேள்வி, சைவமா அசைவமா என்பது. ஒருவர் என்ன உண்கிறார் என்பதற்கும் அவருக்கு வீடு தருவதற்கும் என்ன தொடர்பு என்று லாகோஸிலிருந்தோ கின்ஷாஸாவிலிருந்தோ வந்த மாணவருக்குப் புரியாது. சில மாதங்கள் வீடு தேடி அலைந்த பிறகு புரிந்துவிடும்.

மூன்றாவது வியப்பு, 11 மாத ஒப்பந்தம். ஆண்டுக்கு 12 மாதங்கள் இருக்கையில் வீடு மட்டும் ஏன் 11 மாதங்களுக்குத் தரப்படுகிறது? ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறுகிறது. பதிவையும் அதற்கான செலவையும் தவிர்க்க உரிமையாளர்கள் கண்ட வழி, ஒரு மாதத்தைக் குறைப்பது. இந்தியக் குடித்தனக்காரருக்கு இது வெறும் சடங்கு. வெளிநாட்டு மாணவருக்கோ, 11 மாதங்களுக்கு ஒருமுறை தம் நன்னடத்தையை மீண்டும் நிரூபிக்க வேண்டிய தேர்வு.

இவற்றுக்கும் மேலாகச் சட்டத்தின் கடமைகள். 180 நாள்களுக்கு மேற்பட்ட விசாவில் வருவோர் 14 நாள்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் தம்மைப் பதிவு செய்ய வேண்டும் என்பது நெடுநாளைய விதி. அவருக்கு இடமளிப்பவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். காவல் நிலையச் சரிபார்ப்பு தனி. இந்தத் தொல்லைகளைச் சொல்லியே பல உரிமையாளர்கள் கையை விரித்துவிடுகின்றனர். ஆனால், அதே படிவங்களை ஒரு ஜெர்மானியருக்காக நிரப்பத் தயங்காதவர்கள், ஒரு கானா நாட்டவருக்காக நிரப்பத் தயங்குவதும் உண்டு.

நேற்றா, நாளையா?

தில்லி வந்த முதல் வாரத்திலேயே வெளிநாட்டவர் கற்றுக்கொள்ளும் இந்திச் சொற்களில் ஒன்று 'கல்'. அது நேற்று என்றும் பொருள்படும், நாளை என்றும் பொருள்படும். வினைச்சொல்லைக் கேட்டுத்தான் எது என்று அறிய வேண்டும். வினைச்சொல்லைப் பிடிக்க முடியாத புதியவர், குழாய் பழுது பார்ப்பவர் நேற்றே வந்து போய்விட்டாரா, நாளைதான் வருவாரா என்று தெரியாமல் வாசலில் நிற்பார். அரசு அலுவலகங்களில் இந்தச் சொல்லின் பயன்பாடு இன்னும் விரிவானது. 2018 முதல் பதிவுப் பணிகள் இணையவழிக்கு மாறியதால் வரிசையில் நிற்கும் துன்பம் குறைந்திருக்கிறது. காத்திருப்பது முற்றிலும் நின்றுவிடவில்லை.

நுழைவுச்சீட்டு முகப்புகளில் மற்றொரு பாடம் காத்திருக்கிறது. 2018-இல் தொல்லியல் துறை கட்டணத்தை உயர்த்தியபோது, குதுப் மினாரைக் காண இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் என நிர்ணயித்தது. ஆனால், சார்க், பிம்ஸ்டெக் அமைப்புகளைச் சேர்ந்த நாட்டவருக்கு இந்தியருக்கான கட்டணமே பொருந்தும். எனவே காபூலிலிருந்து வந்தவர் 40 ரூபாய் வரிசையில் நிற்கலாம். கம்பாலாவிலிருந்து வந்தவர் 600 ரூபாய் தர வேண்டும். வெளிநாட்டவர் என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை படிகள் உள்ளன என்பதை அந்தக் கட்டணப் பலகை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. தெருவிலும் படிகள் உண்டு; அவற்றுக்குப் பலகைதான் இல்லை.

வெள்ளைத் தோலுடன் நினைவுச் சின்னத்தில் நிற்பவரிடம் குடும்பம் குடும்பமாக வந்து படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கின்றனர். கறுப்புத் தோலுடன் மெட்ரோவில் அமர்ந்திருப்பவரை அனுமதி கேட்காமலே படம் எடுக்கின்றனர். முன்னவருக்கு அது வேடிக்கையான தொல்லை. பின்னவருக்கு அது அவமதிப்பு. விருந்தினரைத் தெய்வமாகப் போற்றுமாறு சுற்றுலா அமைச்சகம் 2000-களில் பெரும் செலவில் விளம்பரம் செய்தது. எந்த விருந்தினரை என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய அவசியம் அப்போது எழவில்லை.

54 நாடுகள், ஒரே பெயர்

தில்லியில் முன்பின் தெரியாதவரையும் உறவுமுறை சொல்லி அழைப்பது வழக்கம். ஆட்டோ ஓட்டுநர் 'பையா', காய்கறி விற்கும் பெண் 'தீதி', மாடி வீட்டு அம்மாள் 'ஆன்ட்டி'. நகரமே ஒரு பெருங்குடும்பம்போல் அயல்நாட்டவருக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவரை இந்த உறவு வட்டத்துக்குள் அழைப்பவர்கள் குறைவு. அவர் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் தெருவில் அவருக்குப் பெயர் 'நைஜீரியன்'. 54 நாடுகள் கொண்ட கண்டம் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது.

தில்லித் தமிழருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. கரோல் பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழரும், மலையாளியும், தெலுங்கரும், கன்னடியரும் பக்கத்து வீட்டாருக்கு 'மதராஸி' என்ற ஒரே இனத்தவர்தான். அந்தச் சொல்லைக் கேட்டு முகம் சுளித்த தமிழர்கள், தமிழகத் தொழில் நகரங்களில் இன்று ஒலிக்கும் 'வடக்கன்' என்ற சொல்லையும் எண்ணிப் பார்க்கலாம்.

தெருவில் ஒலிக்கும் மற்றொரு சொல் 'ஹப்ஷி'. இன்று அது வசை. ஆனால், அபிசீனிய நாட்டவர் என்பதே அதன் பழைய பொருள். 1236 முதல் 1240 வரை தில்லியை ஆண்ட ரசியா சுல்தானாவின் அரசக் குதிரை லாயத்துக்குத் தலைவராக இருந்த ஜமாலுதீன் யாகூத் ஒரு ஹப்ஷி. எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, தக்காணத்தில் அகமதுநகர் அரசின் ஆட்சிப் பொறுப்பையே ஏற்று, முகலாயப் படைகளை ஆண்டுக்கணக்கில் தடுத்து நிறுத்திய மாலிக் அம்பரும் ஹப்ஷிதான். 1610-இல் அவர் நிறுவிய நகரை வரலாற்று நூல்கள் கட்கி என்றும் கிர்க்கி என்றும் குறிப்பிடுகின்றன. பின்னர் ஔரங்காபாத் என்றாகி, இப்போது சத்ரபதி சம்பாஜி நகர் என்று வழங்கும் ஊர் அது. ஆப்பிரிக்கர் ஒருவர் உருவாக்கிய கிர்க்கி தக்காணத்தில் இருக்க, தில்லியின் கிர்க்கியில் ஆப்பிரிக்கர் வாடகை வீட்டுக்கு அலைகின்றனர்.

சமையலறையின் மணம்

அண்டை வீட்டாரின் புகார்களில் முதலிடம் பெறுபவை இரண்டு. ஒன்று, இரவில் நெடுநேரம் ஒலிக்கும் இசை. மற்றொன்று, உலர்மீன் வேகும் மணம். முதலாவது புகாரில் பல நேரங்களில் நியாயமும் உண்டு. இரண்டாவது, மூக்கின் பழக்கம் சார்ந்தது.

மேற்கு ஆப்பிரிக்க வீடுகளில் மரவள்ளிக்கிழங்கையும் வேறு கிழங்குகளையும் வேகவைத்து இடித்து, உருட்டி, குழம்பில் தோய்த்து உண்கின்றனர். பெரிய வாழைக்காயை வறுத்து உண்கின்றனர். கோதுமை ரொட்டியில் வளர்ந்த தில்லி அண்டை வீட்டாருக்கு இவை விநோதம். மரவள்ளியும் கருவாடும் அறிந்த தமிழருக்கோ மலையாளிக்கோ இவற்றில் விநோதம் எதுவும் இராது. தில்லியில் கேரளப் பொருள்களுக்கும், மீனுக்கும், அயல்நாட்டு உணவுப் பொருள்களுக்கும் பெயர்பெற்ற ஐஎன்ஏ சந்தை, இப்படிப்பட்ட பல சமையலறைகளுக்குப் பொதுவான ஊற்று.

மணத்தின் பெயரால் புறக்கணிக்கப்பட, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு தேவையில்லை. வடகிழக்கு மாநில மாணவர்களுக்காக 2007-இல் தில்லி காவல்துறை வெளியிட்ட பாதுகாப்புக் கையேடு, மணம் மிகுந்த உணவுகளைச் சமைத்து அண்டை வீட்டாருக்குத் தொல்லை தர வேண்டாம் என்று அறிவுரை கூறிக் கண்டனத்துக்கு உள்ளானது. 2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவர் லாஜ்பத் நகரில் தம் தோற்றத்துக்காகக் கேலி செய்யப்பட்டு, தாக்கப்பட்டு உயிரிழந்தார். மறுபுறம், நேபாளத்தவருக்கு விசாவும் தேவையில்லை, பதிவும் தேவையில்லை. யார் அந்நியர் என்பதைச் சட்டம் ஒருவிதமாகவும் தெரு வேறுவிதமாகவும் வரையறுக்கின்றன.

அந்த லாஜ்பத் நகர் பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த அகதிகளுக்காக உருவான குடியிருப்பு. இன்று அதன் ஒரு பகுதியில் ஆப்கானியர்களின் தந்தூர் அடுப்புகளில் நீள ரொட்டிகள் வேகின்றன. மருந்துக் கடைகளில் தாரி மொழிப் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. அங்குள்ள ரொட்டிக் கடை வரிசையில் இந்தியரும் நிற்கின்றனர். உணவே பகையானது போல, உணவே நட்பானதும் உண்டு.

வதந்தியின் விலை

பண்பாட்டு வியப்பு எந்தப் புள்ளியில் அச்சமாக மாறுகிறது என்பதைக் கிர்க்கி நன்கு அறியும். 2014 ஜனவரி 15 நள்ளிரவில், அப்போதைய தில்லி சட்ட அமைச்சர் சோம்நாத் பாரதி ஆதரவாளர்களுடன் இங்கு வந்தார். போதைப்பொருள் வணிகமும் விபசாரமும் நடப்பதாகக் கூறி, ஆப்பிரிக்கப் பெண்கள் தங்கியிருந்த வீட்டைச் சோதனையிடுமாறு போலீஸாரை வற்புறுத்தினார். ஆணை இல்லாமல் நுழைய இயலாது என்று போலீஸார் மறுத்தனர். அந்தப் பெண்கள் தடுத்து நிறுத்தப்பட்டு, மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். போலீஸ் அதிகாரிகள் மீது நடவடிக்கை கோரி, அன்றைய முதல்வர் அரவிந்த் கேஜரிவால் ரயில் பவன் அருகே தர்னா நடத்தும் அளவுக்கு விவகாரம் வளர்ந்தது. தில்லி அரசுக்கும் மத்திய அரசுக்கும் இடையேயான அதிகாரச் சண்டையாக அது பேசப்பட்டது. அந்தப் பெண்களுக்கு நேர்ந்தது பின்னுக்குப் போயிற்று.

2016 மே மாதம் வசந்த் குஞ்ச் பகுதியில் ஆட்டோ பிடிப்பது தொடர்பான தகராறில் காங்கோ நாட்டு இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். ஆப்பிரிக்க தினக் கொண்டாட்டத்தை ஒத்திவைக்குமாறு ஆப்பிரிக்கத் தூதர்கள் கோரினர். 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் பள்ளி மாணவர் ஒருவர் காணாமல் போனார். நைஜீரியர்கள் அவரைத் தின்றுவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. மாணவர் மறுநாள் திரும்பிவந்து, பின்னர் உயிரிழந்தார். அளவு மீறிய போதைப்பொருளே காரணமாக இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்பட்டது. பிடிக்கப்பட்ட நைஜீரியர்கள் ஆதாரமின்மையால் விடுவிக்கப்பட்டனர். மெழுகுவத்தி ஊர்வலத்துக்குப் பிறகு ஒரு வணிக வளாகத்தில் கும்பல் ஒன்று, அந்த நிகழ்வோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத நைஜீரிய மாணவர்களை நாற்காலிகளாலும் தடிகளாலும் தாக்கியது. 2018 நவம்பரில் தில்லியின் துவாரகா பகுதியில் நரமாமிச வதந்தி மீண்டும் கிளம்பியது. அப்போதும் ஆப்பிரிக்கர்களைப் போலீஸார் மீட்க நேர்ந்தது.

போதைப்பொருள், இணையவழி மோசடி வழக்குகளில் சில வெளிநாட்டவர் கைதாவதும் உண்மையே. குற்றம் செய்தவரை வழக்கு தேடிச் செல்லும். வதந்திக்கோ, அந்த நிறத்தில் யார் கிடைத்தாலும் போதும்.

அவையில் நடந்தது

கிரேட்டர் நொய்டா தாக்குதல்களை இனவெறி சார்ந்தவை என்று கண்டித்த ஆப்பிரிக்கத் தூதர்கள், ஐ.நா. மனித உரிமை கவுன்சிலின் விசாரணை வேண்டும் என்று வலியுறுத்தினர். 2017 ஏப்ரலில் மக்களவையில் அறிக்கை அளித்த அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ், விசாரணை முடியும் முன் இதை இனவெறித் தாக்குதல் என்று கூறிவிட இயலாது என்றும், தூதர்களின் அறிக்கை வேதனை தருவதாகவும் குறிப்பிட்டார்.

அதற்கு ஒன்றரை ஆண்டு முன்புதான், 2015 அக்டோபரில், ஆப்பிரிக்காவின் 54 நாடுகளையும் அழைத்துத் தலைநகரில் மாநாடு நடத்தியிருந்தது இந்தியா. ஐந்தாண்டுகளில் 50,000 கல்வி உதவித்தொகைகள் தருவதாக அம்மாநாட்டில் அறிவித்தது. 2023 செப்டம்பரில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஜி-20 அமைப்பின் நிரந்தர உறுப்பினரானதும் தில்லியில்தான். அயல்நாட்டு மாணவர்களை ஈர்க்க 2018-இல் தனித் திட்டமே தொடங்கப்பட்டது. எனினும், 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பயின்ற வெளிநாட்டு மாணவர்கள் 46,878 பேர் மட்டுமே. அவர்களில் 28 சதவீதத்தினர் நேபாளத்தினர். உதவித்தொகை மாணவரை அழைத்து வரும். நான்காண்டுகள் அவர் எப்படி வாழ்ந்தார் என்பதே, அவருடைய தம்பி இங்கு வருவாரா என்பதை முடிவு செய்யும்.

வெளிநாட்டவர் பற்றிய பழைய சட்டங்கள் நான்கை நீக்கிவிட்டு, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தை நாடாளுமன்றம் 2025-இல் நிறைவேற்றியது. அவற்றில் மூன்று, பிரிட்டிஷ் ஆட்சியில் 1920, 1939, 1946-ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்டவை. மார்ச் 27-இல் மக்களவை விவாதத்துக்குப் பதிலளித்த உள்துறை அமைச்சர் அமித் ஷா, நாடு தர்மசாலை அல்ல என்றார். நாட்டுக்குப் பங்களிக்க வருவோர் வரவேற்கப்படுவர் என்றும் கூறினார். மசோதாவைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற எதிர்க்கட்சிகளின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. செப்டம்பர் 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இடமளிப்போர், கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள் என அனைவரும் வெளிநாட்டவர் பற்றிய தகவலை அரசுக்குத் தர வேண்டும். உரிய கடவுச்சீட்டின்றி நுழைந்தால் 5 ஆண்டுகள் வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

யார் வருகிறார், எங்கே தங்குகிறார் என்பதை அறிவது எந்த அரசுக்கும் உள்ள உரிமை. வெளிநாட்டவரின் கடமைகளை இச்சட்டம் தெளிவாக வரிசைப்படுத்துகிறது. அவருக்கு மற்றவர்கள் இழைக்கக் கூடாதவை எவை என்பதற்கான பட்டியல்தான் எங்கும் இல்லை.

அரசியல் சாசனத்தின் 14, 21-ஆம் பிரிவுகள் எல்லா மனிதர்களுக்கும் பொருந்தும். உயிர் வாழும் உரிமை குடிமக்கள் அல்லாதோருக்கும் உண்டு என்பதைச் சக்மா மக்கள் தொடர்பான வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால், இனம், மதம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டலாகாது என்னும் 15-ஆவது பிரிவு குடிமக்களை மட்டுமே குறிப்பிடுகிறது. நிறத்தைக் காரணம் காட்டி வீடு மறுக்கும் தனியாரைத் தடுக்கத் தனிச் சட்டம் ஏதும் இல்லை. அந்தக் குறை இந்தியக் குடிமக்களுக்கும் பொதுவானதே. அருணாசல மாணவரின் மரணத்துக்குப் பின் அமைக்கப்பட்ட பெஸ்பரூவா குழு, இன அவமதிப்பைத் தண்டிக்கும் புதிய பிரிவுகளைப் பரிந்துரைத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்திலும் அவை இடம்பெறவில்லை. காங்கிரஸ் உறுப்பினர் சசி தரூர் 2017-இல் மக்களவையில் அறிமுகம் செய்த பாகுபாடு எதிர்ப்புத் தனிநபர் மசோதா, அந்த அவையின் காலம் முடிந்தபோது காலாவதியானது.

கிர்க்கியில் சட்டத்துக்காகக் காத்திராமல் சிலர் தொடங்கிய வேலையும் உண்டு. அங்கு இயங்கும் 'கோஜ்' கலை அமைப்பின் ஆதரவுடன், அந்தச் சந்துகளின் செய்திகளை மட்டுமே தாங்கிய பத்திரிகை ஒன்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. யார் எந்த நாட்டிலிருந்து வந்தார், என்ன தொழில் செய்கிறார், என்ன சமைக்கிறார் என்பதை அண்டை வீட்டார் படித்தறிய அது வழி செய்தது. நைஜீரியன் என்ற ஒற்றைப் பெயருக்குப் பின்னால் இருந்தவர்களில் சிலருக்கேனும் சொந்தப் பெயர் கிடைத்தது.

2014-க்குப் பிறகு ஆப்பிரிக்கர்கள் பலர் கிர்க்கியை விட்டு வேறு பகுதிகளுக்குச் சென்றுவிட்டனர். இருப்பவர்கள் இருக்கின்றனர், புதியவர்கள் வருகின்றனர். ஒப்பந்தத்தின் பதினோராவது மாதம் முடியும்போது, மாடியிலிருந்து இறங்கி வரும் மாணவர் உரிமையாளரின் கதவைத் தட்டுகிறார். நாடாளுமன்றத்தின் எந்தப் பிரிவும் அந்த நேரத்தில் அவருடன் வருவதில்லை. கதவைத் திறப்பவர் என்ன சொல்வார் என்பதைப் பொறுத்தே, அவருக்கு இந்தியா இன்னொரு 11 மாதங்கள் நீடிக்கிறது.